கிடார் கேள்வி–பதில்: எத்தனை மில்லிமீட்டர் பிக் வாங்குவது?

சென்ற இதழில் கம்பி மாற்றுவதைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "ஒரு முறை பிக்கை மாற்றிப் பாருங்கள், கிடாரையே மாற்றின மாதிரி இருக்கும்" என்று ஒரு வரி போட்டுவிட்டேன் (பிக் என்றால் கம்பியை மீட்ட விரல்களுக்கு நடுவில் பிடிக்கிற சின்னத் தகடு). கம்பியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, வந்த கேள்வி எல்லாம் பிக் பற்றித்தான். சரி, இந்த முறை அதுவே இருக்கட்டும்.

கேள்வி: ஆறு மாதமாக அக்கூஸ்டிக் கிடார் கற்கிறேன். பாட்டுக்கு கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்து மீட்டுவது) வாசிக்கத் தெரிந்தால் போதும் என்பதுதான் ஆசை. கூடப் படிக்கும் நண்பன் மெல்லிய பிக் வாங்கு என்கிறான். சொல்லித் தரும் சார், ஆரம்பத்திலேயே தடிமனாக வைத்துப் பழகு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆளுக்கொரு வேலையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். நண்பர் கம்பிகளை மொத்தமாக ஒரே இழுப்பில் மீட்டும் ஸ்ட்ரம்மிங்கை நினைக்கிறார், சார் ஒற்றைக் கம்பியில் ஸ்வரம் ஸ்வரமாக வாசிப்பதை நினைக்கிறார்.

பிக்கின் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும். ஏறக்குறைய 0.60-க்குக் கீழே மெல்லியது, 0.60 முதல் 0.80 வரை நடுத்தரம், அதற்கு மேல் தடிமன், 1.2-ஐத் தாண்டினால் கட்டை. இந்தக் கோடு கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் நகரும், அதனால் 'மீடியம்', 'ஹெவி' என்ற சொற்களை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

மெல்லிய பிக் கம்பியில் பட்டதும் வளைந்து கொடுக்கிறது. ஆறு கம்பியையும் ஒரே இழுப்பில் தாண்ட வேண்டிய ஸ்ட்ரம்மிங்குக்கு அது வசதி, ஏனென்றால் கை கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டாலும் பிக் வளைந்து தப்பித்துவிடும், புதிதாகக் கற்பவரின் தவறை அதுவே மூடி மறைத்துவிடும். ஆனால் அந்த வளைவுக்கு விலை உண்டு. வளைந்த பிக் நிமிரும்போது வரும் 'டக் டக்' சத்தம் பாட்டோடு சேர்ந்து கேட்கும், கீழ்ஸ்தாயிக் கம்பிகளின் கனம் குறையும், மெதுவாக வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு சத்தம்தான் வரும். தடிமனான பிக் இதற்கு நேர் எதிர். கை என்ன செய்கிறதோ அதை அப்படியே கம்பிக்குக் கொண்டுபோகும், அதாவது உங்கள் கை முரட்டுத்தனமாக இருந்தால் அதையும் சேர்த்து.

உங்களுக்கு என் யோசனை: 0.60, 0.73, 0.88 மூன்றிலும் ஒவ்வொன்று வாங்குங்கள், மூன்றும் ஒரே வகை, ஒரே வடிவமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எது எதனால் மாறியது என்று தெரியாது. ஒவ்வொன்றையும் ஒரு வாரமாவது வைத்து வாசியுங்கள். கையில் எடுத்து ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு இது நல்லது, இது மோசம் என்று முடிவு கட்டாதீர்கள், பழகிய பிக்தான் எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஒரே பாட்டை மூன்றிலும் வாசித்து போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கைதான் தீர்ப்புச் சொல்லும், மறுநாள் காது சொல்லும், இரண்டும் ஒத்துப்போகிற பிக் எதுவோ அதுதான் உங்களுடையது. என்னைக் கேட்டால் கார்டு மட்டும் வாசிப்பவர் 0.60, 0.73 இரண்டுக்கு நடுவில் எங்காவது நின்றுவிடுவார், அப்புறம் சோலோ ஆசை வரும்போது தானாகவே 0.88-க்குப் போவார்.

கேள்வி: 1.0 மி.மீ. பிக்கில் ஸ்ட்ரம் செய்தால் கம்பியில் மாட்டி கையை விட்டே பறந்துபோகிறது. தடிமனான பிக்கில் ஸ்ட்ரம்மிங் முடியவே முடியாதா?

பதில்: முடியும். ஆனால் வளைவது யார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிக் வளையாது என்றால் விரல் வளைந்து கொடுக்க வேண்டும். கட்டைவிரலின் சதைக்கும் மடக்கிய ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிக் இருக்கட்டும். விழாத அளவுக்குப் பிடித்தால் போதும், அதற்கு மேல் ஒரு துளி அழுத்தமும் வேண்டாம். பிடி இறுகினால் மணிக்கட்டும் இறுகும், அப்புறம் கம்பியோடு மல்லுக்கட்டுவதுதான்.

அடுத்தது முனை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பாதி பிக் வெளியே இருக்கும்போல. அந்த நீளம் முழுக்கக் கம்பிக்குள் இறங்கினால் மாட்டத்தான் செய்யும். கம்பியில் முனை மட்டும் உரசிக்கொண்டு போனால் போதும். இன்னொன்று, பிக்கைக் கம்பிக்கு நேர் தட்டையாக வைக்காமல் லேசாகச் சாய்த்துப் பிடித்தால், அதன் ஓரம் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். இதையெல்லாம் செய்த பிறகும் பறந்தால்தான் பிக் மேல் பழி போடலாம்.

கேள்வி: எலக்ட்ரிக் கிடாரில் வேகமாக வாசிக்கப் பழகுகிறேன். 'ஜாஸ் த்ரீ' என்று ஒரு குட்டி பிக் இருக்கிறதாம், அதை வாங்கினால் வேகம் வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: வேகம் வந்துவிடாது. ஆனால் ஏற்கெனவே இருக்கிற வேகத்துக்குக் குறுக்கே நிற்கிற ஒன்றிரண்டு விஷயங்களை அது எடுத்துவிடும்.

டன்லப் கம்பெனியின் அந்த பிக் 1.38 மி.மீ. தடிமன், வழக்கமான பிக்கைவிடச் சிறியது, முனை கூரானது. இந்த மூன்றுக்கும் காரணம் உண்டு. தடிமன் இருப்பதால் வளையாது: மெல்லிய பிக் கம்பியைத் தாண்டியதும் நிமிர்வதற்கு ஒரு நொடித்துளி எடுத்துக்கொள்ளும், மேலும் கீழுமாக மாறி மாறி வேகமாக மீட்டும்போது அது நிமிர்வதற்குள் அடுத்த அடி வந்துவிடும், நீங்கள் எப்போதும் அரை அடி பின்தங்கியே ஓடுவீர்கள். கூர்முனை கம்பியில் குறைவான இடத்தைத் தொடுவதால் ஸ்வரம் தெளிவாகவும் பளிச்சென்றும் விழும். சிறியதாக இருப்பதால் விரலுக்கு வெளியே நீட்ட இடமே இல்லை, கை தானாகவே சிக்கனமாக நகரும்.

கடைசிக் காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதனால் வாங்குவதற்கு முன்னால் கையில் இருக்கிற பிக்கையே மூன்று நான்கு மில்லிமீட்டர் முனை மட்டும் தெரிகிற மாதிரி பிடித்து ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். அதிலேயே பாதி வித்தியாசம் தெரிந்துவிடும். நான் ஒரு காலத்தில் இதைப் புரிந்துகொள்ளாமல் டப்பா டப்பாவாக பிக் சேர்த்தேன், வேகம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

கூர்முனைக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். தவறையும் அது பளிச்சென்றுதான் காட்டும். கொஞ்சம் இதமான, உருண்ட ஓசை வேண்டும் என்றால் வழக்கமான முக்கோண பிக்கைத் திருப்பி, அதன் அகன்ற தோள்பக்கத்தால் மீட்டிப் பாருங்கள். மழுங்கிய ஓரம் கம்பியில் அதிக இடத்தைத் தொட்டு விலகுவதால் உச்சத்தில் இருக்கிற கீச்சு அடங்கிவிடும். செலவே இல்லாமல் இரண்டாவது பிக்.

கேள்வி: நைலான், செல்லுலாய்டு, டெல்ரின் என்று பல பெயர் சொல்கிறார்கள். தடிமன் ஒன்றாக இருந்தால் எதில் செய்தால் என்ன, ஓசை மாறவா போகிறது?

பதில்: மாறும். தடிமன் அளவுக்கு இல்லை, ஆனால் மாறும். நைலான் அதே தடிமனிலும் அதிகமாக வளையும், ஓசை கொஞ்சம் மிருதுவாக இருக்கும், எளிதில் உடையாது, ஆனால் வழவழப்பு. அதனால்தான் நைலான் பிக்கில் பிடிப்புக்காக மேடு மேடாகப் புள்ளி வைத்திருப்பார்கள். செல்லுலாய்டு சுறுசுறுப்பானது, கம்பியை விட்டு விலகும்போது ஒரு துள்ளல் இருக்கும், ஆனால் ஓரம் சீக்கிரம் தேயும், விரிசலும் விடும். டெல்ரின் வகை இரண்டுக்கும் நடுவில். டன்லப்பின் 'டார்டெக்ஸ்' அந்தக் குடும்பம்தான், மேல்பக்கம் சொரசொரவென்று மங்கலாக இருக்கும், மஞ்சள் 0.73, பச்சை 0.88 என்று நிறத்தை வைத்தே தடிமனைச் சொல்லிவிடலாம்.

செல்லுலாய்டு பற்றி ஒரு கொசுறு. அது நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்வது, சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அடுப்புப் பக்கம் போட்டு வைக்காதீர்கள். அதற்கு முன்னால் உயர்ந்த பிக் என்றால் ஆமை ஓடுதான், அதிலும் அழுங்காமையின் ஓடு. வளையும், நிமிரும், பளபளவென்று மெருகேறும். அதற்காகவும் சீப்பு, கண்ணாடிச் சட்டம் போன்றவற்றுக்காகவும் கொன்று கொன்று அந்த ஆமை இனமே அழிவின் விளிம்புக்குப் போய், அழியும் நிலையில் இருக்கிற உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-ல் கையெழுத்தான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் வழியாக அதன் உலக வணிகம் தடைபட்டது. இன்றைக்கும் பல பிக்குகளில் பழுப்பும் மஞ்சளும் கலந்த திட்டுத் திட்டான வடிவம் இருக்கிறதே, அது அந்த ஓட்டின் சாயல்தான். பழைய ஆமை ஓட்டு பிக் என்று யாராவது விற்க வந்தால் கிட்டே போகாதீர்கள்.

கேள்வி: எனக்குக் கை ரொம்ப வியர்க்கும். இரண்டு பாட்டுக்குள் பிக் சுழன்று சுழன்று எங்கேயோ போய்விடுகிறது.

பதில்: மேல்பக்கம் சொரசொரப்பான பிக்குக்கு மாறுங்கள். இருக்கிறதையே சரிசெய்ய வேண்டும் என்றால், பிடிக்கிற பகுதியில் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழியுங்கள், அல்லது உப்புத்தாளால் தேயுங்கள். மெல்லிய பிக் என்றால் காகிதம் துளைக்கும் கருவியால் நடுவில் ஒரு ஓட்டை போட்டுவிடலாம், விரல் சதை அந்த ஓட்டையில் லேசாக அமர்ந்து பிடித்துக்கொள்ளும். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். பெரிய முக்கோண பிக்கும் உதவும், சுழன்றாலும் ஏதோ ஒரு முனை கம்பிப் பக்கம் இருக்குமே.

யூ2 குழுவின் கிடார் கலைஞர் எட்ஜ், பிடிப்புக்காகப் புள்ளி வைத்த அந்தப் பக்கத்தாலேயே கம்பியை மீட்டுவார். உரசலோடு ஒரு கிணுகிணுப்பு கேட்கும், அது அவருடைய அடையாளம். உங்களுக்குப் பிடிப்புதான் பிரச்சினை என்பதால் அதை இப்போது முயல வேண்டாம்.

கேள்வி: நாணயத்தால் வாசிக்கலாமா? காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டி பிக் செய்யலாமா?

பதில்: குயின் குழுவின் பிரையன் மே ஆறு பென்ஸ் நாணயத்தால்தான் வாசிக்கிறார். உலோகம் துளியும் வளையாது, ஓரத்தில் இருக்கிற வரிகள் கம்பியில் உராயும்போது ஒரு கரகரப்பு வரும், அதைக் குறைக்கவும் கூட்டவும் நாணயத்தைத் திருப்பினால் போதும். ஆசைக்கு முயலுங்கள், கம்பி சீக்கிரம் தேயும், கிடாரின் மேல்பலகையில் பட்டால் கீறும்.

ஏடிஎம் கார்டு நல்ல யோசனை. அந்த அட்டைகளின் தடிமன் உலகம் முழுவதும் ஏறக்குறைய 0.76 மி.மீ., அதாவது நடுத்தர பிக். பழைய பிக்கை மேலே வைத்து வரைந்து வெட்டி, ஓரத்தை நகம் தேய்க்கும் அரத்தால் வழவழப்பாக்குங்கள். வெட்டிய ஓரம் பிசிறாக இருந்தால் கம்பியில் கிறீச்சென்று கேட்கும். எண்கள் இருக்கிற பகுதியை பிக்காக்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடாதீர்கள்!

கேள்வி: பேஸ் கிடாருக்கு பிக் வைப்பது தப்பு, விரல்தான் முறை என்று சண்டை போடுகிறார்கள்.

பதில்: சண்டை போடுபவர்கள் போடட்டும். பேர்போன பேஸ் கலைஞர்களையே பாருங்கள்: பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி பிக்கில் வாசித்தார், கேரல் கே பிக்கில் வாசித்தார். ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரே ஒரு ஆட்காட்டி விரலால் வாசித்தார். மூவரில் யாரையும் போய்த் திருத்த முடியுமா? பிக் வைத்தால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் கூர்மையாகக் கேட்கும். தடித்த கம்பி என்பதால் 1 மி.மீ.-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

கேள்வி: நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடாருக்கு எந்த பிக்?

பதில்: விரல்.

கேள்வி: இடது கைக்காரன் நான். தனி பிக் இருக்கிறதா?

பதில்: சாதாரண பிக்குக்கு இடம் வலம் கிடையாது. கட்டைவிரலில் மாட்டுகிற தம்ப் பிக்குக்கு மட்டும் உண்டு, அதை வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பிக்கை எப்போது மாற்றுவது? அப்புறம், அக்கூஸ்டிக் கிடாரின் ஓட்டைக்குள் என்னுடையது விழுந்து ஒரு மாதமாகிறது. எப்படி எடுப்பது?

பதில்: முனை ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ, ஓரத்தில் விரல் நகத்தால் தடவும்போது பிசிறு தட்டினாலோ மாற்றிவிடுங்கள். எறிய வேண்டாம், முக்கோண பிக்கில் இன்னும் இரண்டு தோள் மிச்சம் இருக்கும். தேய்ந்த பக்கத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள், எந்தச் சாய்வில் நீங்கள் மீட்டுகிறீர்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

உள்ளே விழுந்ததை எடுக்க கிடாரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குவதுதான் எல்லாரும் செய்வது, அதில் ஒரு மணி நேரம் போய்விடும். முதலில் ஓட்டை மேலே பார்த்தபடி படுக்கை வாக்கில் வைத்து, லேசாகச் சாய்த்துச் சாய்த்து, பிக்கை ஓட்டைக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். உள்ளே டார்ச் அடித்தால் தெரியும். அது அங்கே வந்ததும் கிடாரைச் சட்டென்று ஒரே திருப்பாகக் கவிழ்த்துவிடுங்கள், பெரும்பாலும் நேராக ஓட்டை வழியே விழும். இரண்டு மூன்று முறை ஆகலாம். ஒரு மாதமாகிவிட்டது என்கிறீர்கள், உள்ளே இன்னும் ஒன்றிரண்டு பழைய பிக் இருந்தாலும் இருக்கும்.