யூடியூப் உரைக்குப் பக்க எண் ஏது?

கேள்வி: ஆய்வேட்டில் யூடியூப் உரை ஒன்றை மேற்கோள் காட்டி, அடிக்குறிப்பில் இணைப்பை மட்டும் கொடுத்திருந்தேன். போதாது என்று நெறியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பேசியவர் ஒருவர், பதிவேற்றிய சேனல் வேறு. யார் பெயரில் குறிப்பிடுவது?

பதில்: நெறியாளர் சொன்னது சரி. இணைப்பு செயலிழந்தால் உங்கள் சான்றைத் தேட வேறு வழியே இருக்காது.

ஏபிஏ எனப்படும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் விதிகளின் 7ஆம் பதிப்புப்படி, பதிவேற்றிய கணக்கின் பெயர்தான் ஆசிரியர் இடத்தில் வரும். அந்தப் பெயரை வைத்துத்தானே வாசகர் வீடியோவைத் தேடிப் பிடிக்க முடியும்! பேசியவரை உங்கள் வாக்கியத்துக்குள் சொல்லுங்கள். துணைநூற்பட்டியலில் இப்படி அமையும்:

சேனல் பெயர். (2021, மார்ச் 4). வீடியோவின் தலைப்பு [வீடியோ]. யூடியூப். இணைப்பு

தலைப்பு சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கம்) என்ற இன்னொரு மேற்கோள் முறையில் பேசியவர் பெயரை முதலில் போட்டு, பதிவேற்றியவரைப் பின்னால் குறிக்கலாம். உங்கள் துறை எதைக் கேட்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். திரையில் ‘3 ஆண்டுகளுக்கு முன்’ என்றிருக்கும்; விளக்கப் பகுதியை விரித்தால் சரியான தேதி தெரியும். அது பதிவேற்றிய நாள். 1985இல் ஆற்றிய உரையை 2015இல் ஏற்றியிருந்தால் பட்டியலில் 2015 என்றே வரும்; 1985ஐ வாக்கியத்தில் எழுதுங்கள்.

பக்க எண்ணுக்குப் பதில் நேரக்குறி. மேற்கோள் தொடங்கும் இடத்தை (சேனல் பெயர், 2021, 14:05) என்று கொடுங்கள். ஒன்றரை மணி நேர உரைக்கு இதைக் கொடுக்காமல் விடுவது, நூலின் பெயரைச் சொல்லிப் பக்கத்தை மறைப்பதற்குச் சமம். ஒரு எச்சரிக்கை: பதிவேற்றியவர் பின்னாளில் முன்பகுதியை வெட்டினாலும் இணைப்பு மாறாது, நேரக்குறிகள் மட்டும் நகர்ந்துவிடும். ஆகவே மேற்கோளுக்கு முன்னும் பின்னும் இரண்டு வாக்கியங்களையும், பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள். யூடியூப் தானாக உருவாக்கிக் காட்டும் வசன வரிகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், எண் மூன்றையும் அவை அடிக்கடி சிதைக்கும். காதால் கேட்டு எழுதுங்கள்.

‘பகிர்’ பொத்தான் தரும் குறுகிய இணைப்பில் கேள்விக்குறியும் அதன் பின் வரும் வாலும் வேண்டாம். அதற்கு முன்னுள்ள 11 எழுத்துக் குறியீடே வீடியோவின் அடையாளம்.

கேள்வி: மேற்கோள் காட்டிய வீடியோ நீக்கப்பட்டுவிட்டால்?

பதில்: உரை நடத்திய அமைப்பின் தளத்திலோ அச்சிலோ அது கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அதைச் சான்றாக்குங்கள். இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பக்கம் இருந்தாலும் வீடியோ ஓடாமல் போகலாம். ஓட்டிப் பார்த்த பிறகே அந்த இணைப்பைக் கொடுங்கள். யாரோ அனுமதியின்றி மறுபதிவேற்றம் செய்த பிரதி வேண்டாம், அதுவும் எந்நேரமும் மறையும்.