பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு பருவத்தின் சிறந்த வீரர்களை எவ்வாறு கௌரவிக்கிறார்கள்? ஹைஸ்மன் கோப்பையை வெல்பவர்தான் மிகச் சிறந்தவரா?

ஹைஸ்மன் கோப்பை அந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற தனிநபர் விருது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு பருவத்தில் சிறந்து ஆடியவர்கள் யார் என்று அறிய விரும்புபவர்கள், களத்தில் ஆடும் ஒவ்வொரு நிலைக்கும் (இடத்துக்கும்) சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-அமெரிக்கன் அணிப் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒஹாயோவில் வசிக்கும் நான் தொடர்ந்து கவனித்து வந்த 2024 பருவத்தைக் கொண்டே இதை விளக்குகிறேன்.

நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெட்டிக் கிளப் 1935-இல் தொடங்கிய விருதை முதலில் பெற்றவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். மறு ஆண்டு அந்தக் கிளப்பின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் ஹைஸ்மன் காலமானதும் விருதுக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள். நாடெங்கும் உள்ள 870 விளையாட்டுச் செய்தியாளர்களும், முன்னர் இவ்விருதை வென்றவர்களும் வாக்களிக்கிறார்கள். ரசிகர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கு. ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்தித் தர, அவற்றுக்கு முறையே 3, 2, 1 என்று புள்ளிகள் சேர்கின்றன.

2024-இல் போட்டி இருவருக்கிடையே நடந்தது. பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜென்ட்டி பந்தைச் சுமந்து 2,601 யார்டு ஓடினார். 1988-இல் பாரி சாண்டர்ஸ் நிறுவிய 2,628 யார்டு சாதனைக்கு அவர் 27 யார்டு மட்டுமே பின்தங்கினார். கொலராடோவின் டிராவிஸ் ஹண்டரோ, ஒருவர் தாக்குதலில் அல்லது தற்காப்பில் மட்டுமே ஆடுவது வழக்கமாகிவிட்ட இக்காலத்தில், இரண்டு பக்கமும் ஏறத்தாழ முழு ஆட்டத்தையும் ஆடினார். ரிசீவராக 96 பந்துகளைப் பிடித்து 1,258 யார்டும், பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் டச்டவுன் 15-உம் எடுத்த அவர், தற்காப்பில் நின்று எதிரணி எறிந்த பந்துகளில் நான்கைத் தாமே பறித்தார். முடிவில் ஹண்டருக்கு 2,231 புள்ளிகளும் ஜென்ட்டிக்கு 2,017 புள்ளிகளும் கிடைத்தன. ஹண்டர் செய்ததை இன்னொருவர் செய்து நாம் பார்ப்பது அரிது என்பதால் அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஜென்ட்டியும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆண்டின் சிறந்த வீரருக்கு உரிய இன்னொரு விருதான மேக்ஸ்வெல் விருதும், சிறந்த ரன்னிங் பேக்குக்கு உரிய டோக் வாக்கர் விருதும் அவருக்குக் கிடைத்தன.

என் மனக்குறை வேறு. களத்தில் இறங்கும் பதினொருவரில் ஐவர், பந்தைச் சுமந்து ஓடாமல் எதிரணியைத் தடுத்து வழி திறக்கும் ஆஃபென்சிவ் லைன்மேன்கள். அவர்களில் ஒருவர்கூட இதுவரை ஹைஸ்மனை வென்றதில்லை. ஒஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் 1973-இல் இரண்டாம் இடம் வரை வந்தார். தற்காப்பு வீரர்களின் நிலையும் பெரிதாக வேறுபட்டதன்று. 1997-இல் மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சன் வென்றபோதும், அவர் பந்தைப் பிடித்து ஓடியும் காட்டியவர் என்பது அவருக்குத் துணை நின்றது. 2009-இல் எதிரணியினரைக் கலங்கடித்த நெப்ராஸ்காவின் தற்காப்பு வீரர் இண்டாமுக்கன் சூ நான்காம் இடத்தோடு நிறுத்தப்பட்டார். ஓடியவரின் யார்டுகளை எண்ணுகிறார்கள். அவர் ஓடிய வழியைத் திறந்துவிட்டவரின் உழைப்புக்கு ஆட்டக் கணக்கில் ஓர் எண்ணும் இல்லை. எண்களையும் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்படும் காட்சிகளையும் பார்த்து வாக்களிப்பவர்களுக்கு இவர்கள் தென்படுவதே இல்லை.

1889-இல் தொடங்கிய ஆல்-அமெரிக்கன் தேர்வு இந்தக் குறையைத் தன் அமைப்பாலேயே நீக்கிவிடுகிறது. அது ஒவ்வொரு நிலைக்கும் அந்த ஆண்டின் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்து ஒரு முழு அணியையே உருவாக்குகிறது. அசோசியேட்டட் பிரஸ், பயிற்சியாளர் சங்கம், கால்பந்து எழுத்தாளர் சங்கம், ஸ்போர்ட்டிங் நியூஸ், வால்டர் கேம்ப் அறக்கட்டளை ஆகிய ஐந்து அமைப்புகளின் பட்டியல்களைக் கல்லூரி விளையாட்டுக் கழகமான என்.சி.ஏ.ஏ. ஏற்கிறது. ஒருவருடைய பெயர் அவற்றுள் மூன்றில் இடம்பெற்றால் பெரும்பான்மைத் தேர்வு என்றும், ஐந்திலும் இடம்பெற்றால் ஏகமனதான தேர்வு என்றும் பதிவாகிறது.

நிலைவாரியான விருதுகளும் இதே நியாயத்தைச் செய்கின்றன. 2024-இல், லைனின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சென்டர்களில் சிறந்தவருக்கான ரிமிங்டன் கோப்பையைப் பெற்ற ஒஹாயோ ஸ்டேட்டின் செத் மெக்லாக்லின், அதே ஆண்டின் முதல் நாளில் அலபாமா அணிக்காக ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற ஆட்டத்தில் ஆடியபோது பந்தைப் பின்னால் தருவதில் தடுமாறிக் கடுமையாக விமர்சிக்கப்பட்டவர். வேறு பல்கலைக்கழகம் சென்று, பத்து ஆட்டங்களில் தன் இடத்தை நிலைநாட்டிய பின், நவம்பரில் குதிகால் தசைநார் அறுந்து அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை இழந்தார். அப்படியும் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆட்டத்தை உற்றுப் பார்த்தவர்கள் என்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஐவரும் ஒரே உடலாக இயங்கினால்தான் லைன் நிற்கும் என்பதால் ஐவருக்கும் சேர்த்தே வழங்கப்படும் ஜோ மூர் விருது அந்த ஆண்டு ராணுவக் கல்லூரியான ஆர்மி அணியின் லைனுக்குப் போனதும் அதே அளவு பொருத்தமானது.

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் உள்ள கொலம்பஸ் நகரில் இன்னொரு மரபும் உண்டு. ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து ஆல்-அமெரிக்கனாகத் தேர்வாகும் ஒவ்வொருவருக்கும் அரங்கத்தின் அருகிலுள்ள பக்கை தோப்பில் மாநில மரமான பக்கை மரம் ஒன்றை நட்டு, பெயர்ப் பலகை வைக்கிறார்கள். 1934 முதல் தொடரும் இம்மரபில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கும் லைன்மேனுக்கும் வேறுபாடு கிடையாது.

இந்தத் தேர்வுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை டிசம்பரிலேயே முடிந்துவிடுகின்றன. 2024 ஹைஸ்மன் டிசம்பர் 14 அன்று வழங்கப்பட்டது. பட்டத்துக்கான இறுதி ஆட்டமோ 2025 ஜனவரி 20 அன்றுதான் நடந்தது. மிக முக்கியமான ஆட்டங்கள் கணக்கில் வராத இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்றே கருதுகிறேன்.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு அட்லாண்டாவில் உள்ள கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்தின் விதியே தெளிவான விடை தருகிறது. ஒரு வீரரின் பெயரை அங்கே பரிசீலிப்பதற்கு அவர் ஹைஸ்மன் வென்றிருக்க வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஆல்-அமெரிக்கன் பட்டியல் ஒன்றின் முதல் அணியில் இடம்பெற்றிருக்க வேண்டும், கல்லூரி ஆட்டத்தை முடித்துப் பத்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். ஹைஸ்மன் கிட்டாத ஜான் ஹிக்ஸ் 2001-இல் அந்த வழியில்தான் அங்கே சேர்க்கப்பட்டார்.