அட்மின் என்றாலே கேஸா?

கேள்வி: ரத்த தானத்துக்காக நான்கு வருடமாக ஒரு வாட்ஸாப் குழு நடத்துகிறேன். 600 பேர் இருக்கிறோம். போன மாதம் ஒரு உறுப்பினர், எங்கள் ஊர் லேப் ஒன்று பொய் ரிப்போர்ட் கொடுத்து ஏமாற்றுகிறது என்று பெயரோடு போட்டுவிட்டார். லேப் உரிமையாளர் எனக்கு போன் செய்து, "அட்மின் நீதானே, உன் மேல்தான் கேஸ்" என்கிறார். வீட்டில் குழுவையே கலைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: கலைக்காதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஓ நெகட்டிவ் கேட்டு அலைகிற குடும்பத்துக்கு உங்கள் குழு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, இன்னொருவர் போட்டதற்கு உங்களைக் குற்றவாளியாக்க முடியாது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021ல் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில், குழுவில் ஒருவர் ஒரு பெண் உறுப்பினரை அசிங்கமாகப் பேச, அட்மின் அவரை நீக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை என்று போலீஸ் அட்மினையும் சேர்த்தது. இருவரும் பேசிவைத்துச் செய்தார்கள் என்று காட்டாமல் அப்படிச் சேர்க்க முடியாது என்று கோர்ட் வழக்கை ரத்து செய்தது. கேரள உயர் நீதிமன்றமும் 2022ல் இதே வழியில்தான் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் நாக்பூர் சம்பவம் நடந்தது 2016ல். ஐந்து வருடம் அந்த மனிதர் தலையில் கேஸ் தொங்கியது. அதனால் "சட்டம் என் பக்கம்" என்று சும்மா இருந்துவிட முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. சேர்ப்பது, நீக்குவது தவிர அட்மினுக்குப் பெரிய அதிகாரம் இல்லை என்று அன்று கோர்ட் பார்த்தது. 2022ல் வாட்ஸாப், மற்றவர் போட்ட மெசேஜை எல்லோருக்கும் அழிக்கிற வசதியை அட்மினுக்குக் கொடுத்துவிட்டது. இனி ஒரு வழக்கில் "தெரிந்த பிறகும் ஏன் விட்டுவைத்தாய்" என்ற கேள்வி முன்பைவிடக் கனமாக வரும் என்றே நான் நினைக்கிறேன்.

அதனால் அந்தப் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன்னால் தேதி, நேரம், போட்டவரின் எண் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் ஆதாரத்தை அழித்ததாக உங்கள் மேலேயே திருப்புவார்கள். அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது, இரண்டு வருடம் வரை சிறை. சொன்னது உண்மை என்றாலும், பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் நிரூபிக்க வேண்டும், அது எழுதியவர் பாடு. நீங்கள் அதை வேறு குழுவுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால் மட்டும் கதை மாறும். ஃபார்வர்டு செய்தவரும் பொறுப்பு என்று 2023ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அங்கே நீங்கள் அட்மினாக நிற்கவில்லை, பரப்பியவராக நிற்கிறீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஆபரேஷனுக்கு உதவி என்று குழுவில் பணம் திரட்டுகிறீர்களா, அது உங்கள் ஜிபேக்கு வருகிறதா? பதிவு செய்யாத குழு சட்டத்தின் கண்ணில் தனி ஆள் கிடையாது. வாங்கிய பணத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முடிந்தால் பணத்தை நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்கே போகவிடுங்கள். இல்லையென்றால் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதிந்து, சங்கத்தின் பேரில் இரண்டு கையெழுத்துக் கணக்கு தொடங்குங்கள். அப்புறம், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா பையன் அனுப்புகிற பணமும் சட்டப்படி அந்நிய நன்கொடை, உரிய அனுமதி இல்லாமல் குழுவுக்காக வாங்காதீர்கள்.

ரத்தத்துக்கு யாராவது காசு கேட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் நீக்குங்கள். காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 முதல் நம் நாட்டில் தடை. கொடையாளர்களின் எண்ணைப் பொதுவில் போடுவதையும் நிறுத்துங்கள், பெண்களுக்குத் தேவையில்லாத போன்கள் வருவது அதனால்தான். கேட்பவரின் எண்ணைக் கொடையாளரிடம் கொடுத்தால் போதும்.

லேப்காரரிடம் போனில் வாதாட வேண்டாம். "பதிவை எடுத்துவிட்டேன், உங்கள் விளக்கம் இருந்தால் எழுதிக் கொடுங்கள், அதையும் குழுவில் போடுகிறேன்" என்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்கள். ஸ்டேஷனிலிருந்து வாய்மொழியாகக் கூப்பிட்டால், மரியாதையாகவே, எழுத்தில் சம்மன் கேளுங்கள். அது வந்ததும் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.