கல் கையை விட்ட பிறகு: கேர்ளிங் கேள்வி – பதில்

2026 பெப்ரவரியில் இத்தாலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கைப் பார்த்த வாசகர்கள், ஐஸில் கருங்கல்லை வழுக்கவிட்டு வட்டத்தின் நடுவுக்குக் கிட்ட நிறுத்தும் ஆட்டமான கேர்ளிங்கில், கோர்ட்டினா அரங்கில் நடந்த போட்டிகளைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் தும்புத்தடி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஐஸை அப்படித் தேய்க்கிறார்களே, அதனால் கல்லைத் தள்ளுகிறார்களா? – வாசகி, கொக்குவில்

தள்ளுவதே இல்லை. தடி கல்லில் பட்டாலே தவறு. வட்டத்துக்கு முன்னால் தடத்தின் குறுக்கே கீறியிருக்கும் தூரத்து ஹொக் கோட்டை அடையும் முன் சொந்த அணியின் தடியோ காலோ பட்டால், அந்தக் கல்லை உடனே எடுத்துவிட வேண்டும். கோட்டைத் தாண்டிய பின் பட்டால், எல்லாக் கற்களும் நிற்கும்வரை பொறுத்து, என்ன செய்வதென்று எதிரணி தீர்மானிக்கும்.

தேய்ப்பதன் பயன் விளங்க வேண்டுமென்றால் ஐஸைக் கிட்டப் பார்க்க வேண்டும். அது கண்ணாடி போல வழவழப்பானது அல்ல. ஆட்டத்துக்கு முன் ஒருவர் முதுகில் தண்ணீர்த் தாங்கியைச் சுமந்து, பின்பக்கமாக நடந்தபடி, பூவாளி போன்ற வாயால் சூடான நீரைத் துளி துளியாகத் தெளிப்பார். மேற்பரப்பு ஏறத்தாழ –5 பாகை செல்சியஸில் இருப்பதால் துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்து சின்னச் சின்னப் பருக்களாக நிற்கும். பிறகு ஓர் அலகால் அவற்றின் நுனியைச் சீவிச் சமப்படுத்துவார்கள். கல் ஓடுவது இந்தப் பருக்களின் தலையில்தான். கரம் பலகையில் தூள் போட்டவுடன் காய் எப்படி ஓடுகிறதோ அப்படி. பருக்கள் இல்லாத தட்டையான ஐஸில் கல் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

தேய்க்கும்போது பருக்களின் நுனி சற்றே சூடேறும், உராய்வு குறையும். அதனால் கல் கூடத் தூரம் போகும், வளைவும் குறையும். இரண்டு நல்ல தேய்ப்பாளர்கள் ஒரு கல்லை 3 மீற்றருக்கும் மேலாக நீட்டிக் கொண்டுபோக முடியும். உடற்பாரத்தைத் தடியின் தலையில் இறக்கி, குறுகிய வேகமான இழுவையாக, கல்லின் முகத்துக்கு நேர் முன்னே தேய்க்க வேண்டும். தடியில் இருந்து ஒரு நூலோ தூசியோ உதிர்ந்து கல்லின் அடியில் சிக்கினாலும் கல் திடீரென்று திசை மாறிவிடும். ஒவ்வொரு முறையும் தடியின் தலையைத் துடைப்பது அதற்காகத்தான்.

சத்தம் போடுவதிலும் ஒரு பங்கீடு உண்டு. கல் நேராக வருகிறதா என்பதைத் தூரத்தில் நிற்கும் ஸ்கிப், அதாவது அணித் தலைவர், பார்ப்பார். எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கல்லோடு கூட ஓடும் தேய்ப்பாளர்கள்தான் கணிப்பார்கள். 2015 இல், தடியின் தலையில் போர்த்தும் சில துணிகள் கல்லை விரும்பிய பக்கம் திருப்பவே உதவுகின்றன என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அதனால் 2016 முதல் உலகப் போட்டிகளில் அங்கீகரிக்கப்பட்ட ஒரே வகைத் துணிக்கு மட்டுமே அனுமதி. கல்லை விட்டவரின் திறமைதான் முதலில் நிற்க வேண்டும் என்பதால், அது சரியான முடிவு என்றே நினைக்கிறோம்.

கரம் ஸ்ட்ரைக்கர் நேராகத்தானே போகிறது. இந்தக் கல் மட்டும் ஏன் கடைசியில் வளைகிறது? – வாசகர், சுன்னாகம்

கல்லைப் புரட்டிப் பார்த்தால் அடி தட்டையாக இராது. நடு குழிந்து, செம்பின் அடி வளையம் போல ஒரு ஒடுங்கிய வளையம் மட்டும் ஐஸைத் தொடும். அதன் அகலம் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. கையை விடும்போது பிடியை மெதுவாகத் திருப்பி விடுவார்கள். போய்ச் சேர்வதற்குள் கல் இரண்டு மூன்று முறை சுழன்றால் போதும். சுழற்சியே இல்லாமல் விட்டால் எந்தப் பக்கம் போகுமென்று சொல்ல முடியாது. மிகைப்படச் சுழற்றினால் வளையாமல் நேரே ஓடும். புதியவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, வலஞ்சுழியாகச் சுழற்றி மேசையில் தள்ளிப் பாருங்கள், இடப்பக்கம் வளையும். கேர்ளிங் கல் அதே சுழற்சியில் வலப்பக்கம் வளைகிறது! இதற்குக் காரணம் என்னவென்று இயற்பியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கல்லின் முன்பகுதி பருக்களில் போடும் நுண்ணிய கீறல்கள் பின்பகுதியைத் திருப்புகின்றன என்பது சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

கல்லின் எடை பிடியோடு சேர்த்து 17.24 முதல் 19.96 கிலோகிராம் வரை இருக்கலாம். ஒலிம்பிக் கற்கள் ஸ்கொட்லாந்தின் எயில்சா கிரெய்க் தீவுக் கருங்கல்லில் செய்யப்படுபவை. அங்கே இரண்டு வகைக் கல் பயன்படுகிறது. மோதினால் வெடிக்காத வகை உடலுக்கு. நீரை உறிஞ்சாத வகை ஐஸைத் தொடும் வளையத்துக்கு. நீர் உட்புகுந்து உறைந்தால் வளையம் பொரிந்துவிடும்.

கடைசிக் கல் கையில் இருக்க, புள்ளி எடுக்காமல் வேண்டுமென்றே எல்லாவற்றையும் வெளியே அடித்தார்கள். ஏன்? – வாசகர், மானிப்பாய்

இந்தக் கேள்விக்கு விடை விளங்கினால் ஆட்டம் முழுவதும் விளங்கிவிடும்.

ஒரு சுற்றில் அணிக்கு 8 கற்கள், ஆளுக்கு இரண்டு. 16 கற்களும் போன பின் வட்டத்தின் நடுவுக்கு மிகக் கிட்ட யாருடைய கல் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணியின் மிகக் கிட்டிய கல்லைவிட நெருக்கமாக வட்டத்துக்குள் உள்ள ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. முதல் இரண்டும் சிவப்பு, மூன்றாவது மஞ்சள் என்றால் சிவப்புக்கு 2, மஞ்சளுக்கு 0. மஞ்சளின் மிச்சக் கற்கள் எத்தனை வட்டத்துக்குள் கிடந்தாலும் பயனில்லை.

ஆகவே கடைசிக் கல்லை விடும் உரிமைதான் பெரிய சொத்து. அதை ஹமர் என்பார்கள். புள்ளி எடுத்த அணி அடுத்த சுற்றில் அதை எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். யாருமே எடுக்காவிட்டால் வைத்திருந்தவரிடமே இருக்கும். ஒரே ஒரு புள்ளிக்காக ஹமரை விடுவது ஆட்டத்தின் தொடக்கத்தில் நட்டம். குறைந்தது 2 வேண்டும். அது கிடைக்காதென்று தெரிந்தால் வட்டத்தை வெறுமையாக்கி அடுத்த சுற்றுக்கு ஹமரோடு போவார்கள். எதிரணியின் வேலை நேர்மாறானது. 1 புள்ளியோடு மட்டுப்படும்படி நெருக்க வேண்டும், முடிந்தால் தானே ஒன்றைத் திருட வேண்டும்.

2018 பியோங்சாங் ஆண்கள் இறுதியாட்டத்தில் ஏழு சுற்று முடிய 5–5. எட்டாவதில் ஹமர் அமெரிக்காவிடம். சுவீடனின் இரண்டு கற்களைக் கடைசிக் கல்லால் ஒரே அடியில் அகற்றி, அமெரிக்கா 5 புள்ளி எடுத்தது. ஆட்டம் 10–7 என முடிந்தது. ஒலிம்பிக்கில் 10 சுற்று. ஆகவே எட்டாம் சுற்றிலிருந்து ஸ்கோரைப் பார்ப்பதைவிட, ஹமர் யாரிடம் என்று முதலில் பாருங்கள். கடைசிச் சுற்றில் சமநிலையோடு ஹமரும் கையில் இருந்தால், நடுவில் ஒரு கல்லை நிறுத்தினாலே வெற்றி.

முன்னால் நிறுத்தும் காவற் கற்களை ஏன் உடனே அடித்து நொறுக்குவதில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். சுற்றின் முதல் 5 கற்கள் போகும்வரை, ஹொக் கோட்டுக்கும், வட்டத்தின் நடுவைக் குறுக்காக வெட்டும் கோட்டுக்கும் இடையில் வட்டத்துக்கு வெளியே நிற்கும் எதிரணிக் கல்லை ஆட்டத்திலிருந்து அகற்றக் கூடாது. அகற்றினால் அதைப் பழைய இடத்தில் வைத்து, அடித்த கல்லை எடுத்துவிடுவார்கள்.

ஆணும் பெண்ணுமாக இருவர் ஆடும் ஆட்டத்தில் விதி வேறா? – வாசகி, நெல்லியடி

வேறுதான். கலப்பு இரட்டையர் 2018 இல் ஒலிம்பிக்குக்கு வந்தது. சுற்று 8. அணிக்கு ஒரு கல்லை முன்கூட்டியே வைத்துவிட்டு 5 கற்களை விடுவார்கள். முதலாவதையும் ஐந்தாவதையும் ஒருவர், நடு மூன்றையும் மற்றவர். நான்காவது கல் வரும்வரை எதையும் வெளியேற்ற முடியாது. வெறுஞ்சுற்றானால் இங்கே ஹமர் கைமாறும், எனவே மேலே சொன்ன தந்திரம் செல்லாது.

எங்கள் பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட முடியுமா? – விளையாட்டு ஆசிரியர், சாவகச்சேரி

முடியும். உண்மையான தடம் 45.72 மீற்றர் நீளம். மூன்றில் ஒன்றாக்கினால் 15.24 மீற்றர், அது மண்டபத்துக்குள் அடங்கும். கயிறும் சோக்கும் கொண்டு ஒரே மையத்தில் 61, 41, 20 சென்ரிமீற்றர் ஆரையில் மூன்று வட்டம் கீறுங்கள். மையத்திலிருந்து 2.13 மீற்றர் முன்னே ஹொக் கோடு. அதைத் தாண்டாத கல்லை எடுத்துவிட வேண்டும்.

கல்லுக்கு, 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தடித்த பலகை வட்டம், அடியில் முக்கோணமாக மூன்று உருளைப் பந்துச் சில்லு, மேலே ஒரு பிடி. நாற்காலிக்குப் போடும் திரும்பும் சில்லு வேண்டாம். தள்ளியவுடன் சில்லு திரும்பும் அந்தக் கணத்தில் கல் பக்கவாட்டில் உதறும். எட்டெட்டாக இரண்டு நிறத்தில் செய்து, எல்லாவற்றையும் நிறுத்து ஒரே பாரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கீறுவதற்கு முன் தரையில் பல இடங்களில் ஒரு போளையை வைத்துப் பாருங்கள். கழுவும் தண்ணீர் ஓடுவதற்காகச் சீமெந்துத் தரையை வாசல் பக்கம் சரித்திருப்பார்கள். சரிவுக்குக் குறுக்கே தடம் போட்டால் எல்லாக் கல்லும் ஒரே பக்கம் ஒதுங்கும், நெடுக்காகப் போடுங்கள். பிள்ளைகள் காலில் கொண்டுவரும் மணல் இன்னொரு தொல்லை. ஒரு மணி சில்லில் சிக்கினால் கல் நின்றுவிடும். ஈரத்துணியால் துடைத்து, செருப்பை வெளியே விடச் சொல்லுங்கள். இதில் வளைவும் தேய்ப்பும் வராது. ஹமர், காவற் கல், கணக்கு மூன்றையும் நன்றாகவே படிப்பிக்கலாம்.

கனடாவில் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஒருநாள் ஆடிப் பார்க்கலாமா? – வாசகர், காரைநகர்

பல கழகங்களில் புதியவர்களுக்கென்று வகுப்பு உண்டு, தடியும் கல்லும் அங்கேயே தருவார்கள். குளிர்காலத்தில் போங்கள். அடி சுத்தமான சப்பாத்து வேண்டும், வீதியில் போட்டு நடந்தது கூடாது. ஒரு காலுக்கு வழுக்கும் தகடு தருவார்கள். ஐஸில் இறங்கும்போது வழுக்காத காலை முதலில் வையுங்கள், ஏறும்போது வழுக்கும் காலை முதலில் எடுங்கள். பின்பக்கம் விழுந்து தலை அடிபடுவதுதான் இந்த ஆட்டத்தின் முதல் ஆபத்து, எனவே தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள். கல்லை ஒருபோதும் தூக்க வேண்டாம், தள்ளினால் போதும். முழங்காலையோ உள்ளங்கையையோ ஐஸில் ஊன்றி நிற்கவும் வேண்டாம். உடற்சூட்டில் பருக்கள் உருகி அந்த இடத்தில் பள்ளம் விழும், அடுத்து வரும் கல் அதில் தடம் மாறும்.