கடனாளியை விட முடியாத வங்கி

அன்புள்ள சார்,

ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். கம்யூனிச நாடுகளின் கடைகளில் ஏன் எப்போதும் தட்டுப்பாடு இருந்தது என்பதற்கு, நஷ்டத்தை அரசு நிரப்பிவிடும் என்று தெரிந்த ஆலைகள் கணக்குப் பார்க்காமல் வாங்கிக் குவிக்கும் என்று அவர் சொன்ன விளக்கம் பிடித்திருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். நான் பார்த்தவரை வாராக் கடனுக்கு ஒரே காரணம் அரசாங்கம் முதலாளியாக இருப்பதுதான். மேலிருந்து ஒரு போன் வந்தால் கடன் போய்விடும், திரும்ப வராது. கோர்னாய் சொல்வதும் இதுதானே? அப்படியானால் 1989-க்குப் பிறகு ஆலைகளையும் வங்கிகளையும் தனியாரிடம் கொடுத்ததுமே நோய் தீர்ந்திருக்க வேண்டும். இன்று இல்லாத ஒரு அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சியை இப்போது எதற்குப் படிக்க வேண்டும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

போன் வருவது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோர்னாயை நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், அந்த மீதிப் பாதிதான் உங்கள் வேலைக்கு நெருக்கமானது.

கோர்னாய் 1970-களில் ஒரு சொல்லை உருவாக்கினார். தமிழில் 'இளகிய பட்ஜெட் வரம்பு' என்று சொல்லிக்கொள்ளலாம். வரவுக்கு மேல் செலவு செய்யும் நிறுவனம் ஒருநாள் மூட வேண்டும், அதுதான் இறுகிய வரம்பு. மூடும் நேரத்தில் யாராவது வந்து மானியமோ, வரி விலக்கோ, விலை உயர்வுக்கு அனுமதியோ, புதுக் கடனோ கொடுத்துத் தூக்கிவிட்டால் வரம்பு இளகிவிட்டது என்று பொருள். ஒருமுறை தூக்கிவிடுவதை அவர் நோய் என்று சொல்லவில்லை. தூக்கிவிடுவார்கள் என்று மேலாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறதே, அதுதான் நோய். அது தெரிந்தவன் செலவைக் குறைக்க மாட்டான், அமைச்சகத்தில் யாரைப் பிடிக்கலாம் என்பதில்தான் அவன் நேரம் போகும். இதைப் பெற்றோர் பிள்ளை உறவோடு ஒப்பிட்டு, படிப்படியாகத் தரம் பிரித்துக் காட்டியிருக்கிறார் கோர்னாய். எல்லாம் கேட்காமலேயே கிடைக்கும் கைக்குழந்தையிலிருந்து, சொந்தச் சம்பாத்தியத்தில் நிற்கும் வளர்ந்த பிள்ளை வரை.

இது வெறும் உவமையாக நிற்கவில்லை. ஆக்னெஷ் மாடிட்ஸ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அவர் ஹங்கேரியின் அரசு நிறுவனங்களின் கணக்குகளை ஆண்டுக்கணக்கில் எடுத்து, ஒரு நிறுவனம் தானாக ஈட்டிய லாபத்தையும், வரியும் மானியமும் போன பிறகு கையில் நின்ற லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பு மிகச் சொற்பம். நன்றாக நடத்தினால் பிடுங்கிக்கொள்வார்கள், நஷ்டம் வந்தால் நிரப்பிவிடுவார்கள். அப்புறம் எந்த மேலாளர் கஷ்டப்பட்டு நன்றாக நடத்துவார்?

இப்போது வங்கிக்கு வருகிறேன். ஹங்கேரி கம்யூனிசம் விழுவதற்கு முன்பே, 1987 ஜனவரியில், தன் மத்திய வங்கியிலிருந்து கடன் கொடுக்கும் பகுதியைப் பிரித்துச் சில வணிக வங்கிகளாக ஆக்கியது. காகிதத்தில் அது பெரிய சீர்திருத்தம். ஆனால் அந்த வங்கிகள் பிறக்கும்போதே பழைய கடனாளிகளோடு பிறந்தன. ஒரு வங்கியின் கணக்கில் பெரிய ஆலைகள் நாலைந்து இருக்கும், அதில் ஒன்று விழுந்தாலே வங்கியின் மூலதனம் கரைந்துவிடும். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆலை வட்டி கட்டவில்லை. வாராக் கடன் என்று எழுதினால் உங்கள் வங்கியே திவால், புதுக் கடன் கொடுத்து அதில் பழைய வட்டியைக் கட்டச் சொன்னால் இந்த வருடக் கணக்கு அழகாக இருக்கும். இதற்கு யாரும் போன் செய்யவே வேண்டாம். நீங்களே செய்வீர்கள். உங்கள் துறையில் இதை 'எவர்கிரீன் பண்ணுவது' என்கிறார்கள் இல்லையா, அதேதான்.

1995-இல் மத்தியாஸ் டெவாட்ரிபோன், எரிக் மாஸ்கின் என்ற பொருளியலாளர்கள் இருவரும் இதைக் கணித மாதிரியாகவே எழுதினார்கள். வங்கி கொடுத்த கடனின் முதல் தவணை செலவாகி முடிந்துவிட்டது, திரும்ப வராது. இரண்டாம் தவணை கொடுத்தால் கொஞ்சமாவது தேறும், கொடுக்காவிட்டால் ஒன்றும் தேறாது. அந்த நிமிடத்தில், லாபத்தை மட்டுமே பார்க்கும் வங்கிகூட இரண்டாம் தவணையைக் கொடுக்கும், அது தெரிந்துதான் மோசமான திட்டக்காரன் முதலில் கடன் கேட்டே வந்திருப்பான். இந்த வாதத்தில் அரசாங்கம் என்ற சொல்லே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, தனியாரிடம் கொடுத்தால் தீர்ந்ததா? செக் நாட்டைப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே வயதுவந்த குடிமக்கள் எல்லோரும் அந்நாட்டு நாணயத்தில் ஆயிரத்துச் சொச்சம் கொருனா கட்டி ஒரு கூப்பன் புத்தகம் வாங்கி, அதைக் கொண்டு அரசு ஆலைகளின் பங்குகளை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். உலகமே பாராட்டியது. மக்களில் பெரும்பாலோர் கூப்பனை முதலீட்டு நிதிகளிடம் கொடுத்தார்கள். அந்த நிதிகளில் பல பெரியவற்றை நடத்தியது பெரிய வங்கிகள், அந்த வங்கிகளில் பெரும் பங்கு இன்னும் அரசிடம். ஆக ஆலைக்குக் கடன் கொடுத்தவரும் ஆலையின் சொந்தக்காரரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். தன் நிதி வைத்திருக்கும் ஆலையை எந்த வங்கி திவாலுக்கு அனுப்பும்? இன்னொரு பக்கம், உள்ளே இருந்தவர்கள் ஆலையின் சொத்தைச் சத்தமில்லாமல் வேறு கம்பெனிகளுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். செக் மொழியில் அதற்குத் 'துனெலோவானி' என்றே பெயர் வந்துவிட்டது, சுரங்கம் தோண்டுவது. ஐ.பி.பி. என்ற பெரிய வங்கியில் அரசின் பங்கை 1998-இல் ஜப்பானின் நோமுரா என்ற நிதி நிறுவனம் வாங்கியது. 2000 ஜூனில் அந்த வங்கி விழுந்தது, ஆயுதம் தாங்கிய போலீஸ் பிராகில் அதன் தலைமையகத்துக்குள் நுழைந்தது, வங்கி இன்னொரு வங்கியிடம் ஒப்படைக்கப்பட்டது, மோசமான கடன்களின் சுமை அரசின் தலையில் ஏறியது. தனியார் கைக்குப் போன வங்கிதான் அது.

ஹங்கேரி வேறு வழியில் போனது, அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் இரண்டாகப் பிரிகிறது. 1992 ஜனவரியில் ஒரு திவால் சட்டம் அமலுக்கு வந்தது. யாருக்காவது கட்ட வேண்டிய தொகை 90 நாள் தாண்டினால் நிறுவனத்தின் மேலாளரே நீதிமன்றத்துக்குப் போய்த் திவால் மனு கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பொறுப்பு அவர் தலையில். ஏப்ரலில் மனுக்கள் வெள்ளமாக வந்தன. தனக்கு வரவேண்டிய பணம் வராததால் தான் கட்ட முடியாமல் போன நல்ல கம்பெனிகளும் அதில் அடித்துக்கொண்டு போயின. சோவியத் சந்தை கைவிட்டுப் போய், ஏற்கெனவே உற்பத்தியும் வேலையும் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. 1993-இல் அந்தக் கட்டாயப் பிரிவை எடுத்துவிட்டார்கள். கொடூரமான சட்டம்தான். ஆனால் 'யாரும் வந்து தூக்கிவிட மாட்டார்கள்' என்று மேலாளர்கள் முதன்முதலாக நம்பியது அப்போதுதான் என்று நினைக்கிறேன், அந்த நம்பிக்கை இல்லாமல் வேறு எந்தச் சீர்திருத்தமும் அங்கே வேர் பிடித்திருக்காது.

அதே சமயம் 1992-லிருந்து 1994 வரை அரசு தன் வங்கிகளுக்கு ஒருமுறை இல்லை, பலமுறை மூலதனம் போட்டுக் காப்பாற்றியது. ஒவ்வொரு சுற்றும் இதுதான் கடைசி என்று சொல்லப்பட்டது, அடுத்த சுற்று வந்தது. ஆலைகளில் இறுகிய வரம்பு வங்கிகளில் இளகிவிட்டது! 1990-களின் நடுவில் தொடங்கி வங்கிகளை ஒவ்வொன்றாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்ற பிறகுதான், பழைய கடனாளியோடு பழகிய உறவு அறுந்தது. இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. கைமாறியது உதவியது, வங்கியை வாங்கியவருக்கும் கடனாளிக்கும் முன்பழக்கம் இல்லாததால் உதவியது.

ரஷ்யாவில் வரம்பை இளக்க வங்கிகூடத் தேவைப்படவில்லை. ஆலைகள் ஒன்றுக்கொன்று பணம் தராமல், சம்பளமும் வரியும் பாக்கி வைத்து, 1998 வாக்கில் தொழில்துறை விற்பனையில் கிட்டத்தட்டப் பாதி பண்டமாற்றாகவே நடந்தது. மின்சாரத்தையும் எரிவாயுவையும் பாக்கி வைத்தே ஓட்டினார்கள்.

இதற்கெல்லாம் நடுவே புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று சைமன் ஜான்சன், ஜான் மெக்மில்லன், கிறிஸ்டோபர் வுட்ரஃப் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 1997-இல் போலந்து, ஸ்லோவாக்கியா, ருமேனியா, உக்ரைன், ரஷ்யா என்று ஐந்து நாடுகளில் சிறு, நடுத்தர ஆலைக்காரர்களிடம் கேட்டார்கள். லாபத்தைத் திரும்பத் தொழிலில் போடுவதைத் தடுத்தது கடன் கிடைக்காததைவிட, சம்பாதித்ததைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம்தான் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். மாமூலும் பாதுகாப்புப் பணமும் அதிகமாக இருந்த ரஷ்யாவிலும் உக்ரைனிலும் அந்தப் பயம் கூடுதல்.

கோர்னாய் 1989-லேயே ஒரு சிறு நூலில், பழைய ஆலைகளைக் கூப்பன் போட்டு அவசரமாகப் பங்கிடுவதைவிட, கீழிருந்து முளைக்கும் புதுத் தொழில்கள் வளர வழிவிடுங்கள் என்று எழுதியிருந்தார். அன்று பலரும் கேட்கவில்லை. பத்து வருடம் கழித்து அவரே திரும்பிப் பார்த்து, உடைமை பற்றித் தான் சொன்னது நிற்கிறது, விலைவாசியை நிலைப்படுத்துவது பற்றிச் சொன்னதில் பிழைகள் உண்டு என்று எழுதினார். இப்படித் தன் கணக்கைத் தானே திருத்தும் பொருளியலாளர்கள் குறைவு, எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதைப் படித்தபோதுதான்.

இன்னொன்று. 1956-இல் அவர் சமர்ப்பித்த ஆய்வு ஹங்கேரியின் இலகுரகத் தொழில் ஆலைகளைப் பற்றியது, அங்கே மேலாளர்களிடம் உட்கார்ந்து பேசித்தான் அதை எழுதினார். அதனால் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பதினொரு வருடக் கோப்புகள் உங்கள் நினைவில் இருக்கும். அவற்றில் போன் வந்ததால் புதுப்பித்தவை எத்தனை, போன் வராமலேயே, இந்தக் கடனாளி விழுந்தால் கிளையின் கணக்கே கெட்டுவிடும் என்று நீங்களாகவே புதுப்பித்தவை எத்தனை? நேரம் கிடைக்கும்போது, யார் பெயரும் இல்லாமல், எழுதுங்கள்.