சி நிரலையும் தமிழ்க் கையேட்டையும் ஏ5 புத்தகமாக அச்சிடுவது எப்படி?

கேள்வி: மாணவர்களுக்குக் கொடுக்க 3,000 வரி சி நிரல் ஒன்றும், லிப்ரேஆஃபீஸ் ரைட்டரில் 22 பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றும் இருக்கின்றன. ஏ4 தாளை நடுவில் மடித்துச் சிறு புத்தகமாக்க வேண்டும். கணினியில் உபுண்டு, பிரிண்டர் ஒரு பக்கம் மட்டும் அச்சிடும் லேசர். நிரலை அச்சுக்கு அமைக்கும் ஏ2பிஎஸ் மென்பொருளில் நிரலின் தமிழ்க் குறிப்புகள் சிதைந்து வருகின்றன. பின்பக்கமோ தலைகீழாக விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தாள் அளவைச் சரிசெய்யுங்கள். ஏ4-க்கு அமைத்த பக்கத்தை மடிப்புப் புத்தகமாக்கினால் அது 71 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயின்ட் எழுத்து எட்டரை ஆகிவிடும். டோனர் சற்று மங்கினாலே தமிழில் புள்ளி எது, சுழி எது என்று தெரியாது. ஆகவே கையேட்டையும் நிரலையும் தொடக்கத்திலேயே ஏ5-இல் அமைத்து, பிடிஎஃப் ஆக்கி, கடைசிவரை 100 சதவீதத்திலேயே கொண்டுபோங்கள். பக்கங்களை மடிப்புப் புத்தகமாக அடுக்கித் தரும் ப்ரோஷர் வசதி ரைட்டரின் அச்சுப் பெட்டியில் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒருபக்கப் பிரிண்டரில் எந்தத் தாளின் பின்னால் எது வருகிறது என்று அச்சிடும் முன்பே பார்க்க முடிவது பெரிய நிம்மதி. அதற்குப் பிடிஎஃப் வழியே மேல்.

கையேட்டில் பக்க அளவு ஏ5, உடல் எழுத்து 10 அல்லது 10.5 பாயின்ட் என்று மாற்றுங்கள். பக்கங்கள் கூடும்; எழுத்தைக் குறைத்துப் பழைய எண்ணிக்கைக்கே இழுக்க வேண்டாம்.

அடுத்து நிரல். ஏ2பிஎஸ், அதே வகையைச் சேர்ந்த என்ஸ்கிரிப்ட் இரண்டும் யூனிகோடுக்கு முந்தைய காலத்து வடிவமைப்பு கொண்டவை. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். இவை ஒவ்வொரு பைட்டையும் தனி ஐரோப்பிய எழுத்தாக அச்சிடும். உங்கள் தாளில் தலைக்கோடு போட்ட ஆங்கில 'ஏ'-யும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்திருந்தால் காரணம் இதுதான். எழுத்துரு நிறுவி இதைச் சரிசெய்ய முடியாது. வெறும் கட்டங்களாக வந்தால்தான் எழுத்துருக் குறை. அதற்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்.

தமிழ் கலந்த நிரலுக்குக் கேட் என்ற உரைத்திருத்தி மென்பொருள் எளிது. அச்சுப் பெட்டியில் வரி எண்களை இயக்கி, வண்ணத் திட்டமாக 'பிரிண்டிங்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஏ5 பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். திரையில் கறுப்புப் பின்னணி வைத்திருப்பவர்கள் வண்ணத் திட்டத்தை மாற்ற மறந்தால் டோனர் வீணாகும். கட்டளை வரியே பழக்கம் என்றால் பேப்ஸ் என்ற அச்சுக் கருவி இருக்கிறது. அது எழுத்துகளைக் கோத்து அமைக்கும் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும்.

எழுத்தளவை ஊகிக்க வேண்டியதில்லை. ஏ5-இன் அகலம் 148 மி.மீ. இரு பக்கமும் 12 மி.மீ. ஓரம் விட்டால் மிஞ்சுவது 124 மி.மீ., அதாவது சுமார் 351 பாயின்ட். சம அகல எழுத்துருவில் ஓர் ஆங்கில எழுத்தின் அகலம் பொதுவாக உயரத்தில் 0.6 மடங்கு. 7 பாயின்ட்டில் 83 எழுத்துகள் பிடிக்கும். வரி எண்ணுக்கு 5 போனால் 78. அதைத் தாண்டும் வரிகள் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். டேப் 8 இடம் என்று இருந்தால் 4 ஆக்குங்கள். பல வரிகள் உடைவது அதனால்தான். தமிழ்க் குறிப்புகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றைக் கண்ணால் பார்த்தே சரிசெய்ய வேண்டும்.

பக்கத்துக்கு 60 வரி என்றால் நிரல் 50 பக்கம். மடிப்புப் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக வேண்டும்: 52 பக்கம், 13 தாள். கையேட்டையும் இதையும் ஒன்றாகச் சேர்க்காமல் இரண்டு புத்தகமாக்குங்கள். கையேட்டை ஒருபுறம் திறந்து வைத்துக்கொண்டு நிரலைப் படிப்பதுதான் மாணவருக்கு வசதி. தவிர, 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. தடிமன். 20 தாளை ஒன்றாக மடித்தால் நடுத்தாள் 2 மி.மீ.க்கு மேல் வெளியே பிதுங்கும். விளிம்பை வெட்டினால் நடுப்பக்கங்களின் வெளி ஓரம் குறுகிப்போகும். 13 தாளில் அந்தத் தொல்லை பொறுக்கக்கூடியது.

பக்கங்களை மடிப்பு வரிசைக்கு மாற்றப் பிடிஎஃப் அரேஞ்சர் என்ற மென்பொருள் போதும். எல்லாப் பக்கங்களையும் தேர்ந்தெடுத்து, திருத்தப் பட்டியலில் 'ஜெனரேட் புக்லெட்' கொடுங்கள். 52 பக்கப் புத்தகத்தில் முதல் தாளின் முன்புறம் 52-உம் 1-உம், பின்புறம் 2-உம் 51-உம் வர வேண்டும். எந்த முகத்திலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 53. ஒரு முகத்தில் தப்பினாலும் அச்சிடாதீர்கள். ஏ2பிஎஸ் பயன்படுத்துவோர் அடிக்கடி ஏமாறும் இடமும் இதுவே: அது இயல்பிலேயே ஒரு தாளில் இரண்டு பக்கம் வைத்துத் தரும். பார்க்கப் புத்தகம் போலிருக்கும், ஆனால் வரிசை 1, 2, 3 என்றே ஓடும்.

பின்பக்கம் தலைகீழாவதற்குக் காரணம் தாளைத் திருப்பும் விதம். படுக்கைவாட்டில் பிடித்த தாளைக் குறுகிய விளிம்பை ஒட்டித்தான் திருப்ப வேண்டும். வழக்கமான கடிதத்துக்கு நீண்ட விளிம்பு. தானாக இருபுறமும் அச்சிடும் பிரிண்டர் என்றால் 'ஷார்ட் எட்ஜ்' தேர்ந்தெடுத்தால் முடிந்தது. உங்களுடையதில், உபுண்டுவின் ஆவணக் காட்டியில் அச்சுப் பெட்டியைத் திறந்து முதலில் ஒற்றைப்படை எண் முகங்களை மட்டும் அச்சிடுங்கள். தாள்களைத் திருப்பி வைத்து இரட்டைப்படை எண் முகங்களை அச்சிடுங்கள். தட்டில் எந்த முகம் மேலே, எந்த விளிம்பு முன்னே என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். பென்சிலால் மேல்முகத்தில் அம்புக்குறி போட்ட இரண்டு தாளில் சோதித்து, விடையைச் சீட்டில் எழுதிப் பிரிண்டரிலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டு தாள் வேண்டும். ஒன்றில் வரிசை தலைகீழாவது தெரியாது.

13 தாளையும் ஒரே மூச்சில் போடாமல் நான்கு நான்காகப் போடுங்கள். லேசர் சூட்டில் சுருண்ட தாள், இரண்டாம் முறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். அங்கிருந்து கடைசிவரை எல்லாப் பின்பக்கமும் ஒரு தாள் தள்ளிப்போய்விடும். நான்கு தாளென்றால் நட்டம் அதோடு நிற்கும்.

சென்டர் பின் அடிக்கச் சிறிய நம்பர் 10 ஸ்டேப்ளரைவிடப் பெரியது நல்லது. 24/6 பின் எடுங்கள். ஸ்டேப்ளரின் கை தாளின் நடுவரை எட்டாவிட்டால் அதைத் திறந்து, தாளை தெர்மோகோல் மேல் வைத்து, அட்டைப் பக்கத்திலிருந்து இரண்டு முனைகளுக்கும் 5 செ.மீ. உள்ளே அடியுங்கள். பின்னின் கால்களை உள்பக்கம் கரண்டிக் காம்பால் மடக்கிவிட்டு, அதன்பிறகு புத்தகத்தை மடியுங்கள்.