இரண்டு நிமிடம் ஜெயித்த படம்

வணக்கம் சார்,

2017 ஆஸ்கர் விழாவைக் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு நேரலையில் பார்த்தவன் நான். அப்போது லா லா லேண்ட் பைத்தியம். ஏழு முறை பார்த்திருந்தேன். சிறந்த படம் என்று அதன் பெயரை வாசித்ததும் நாற்காலியிலிருந்து குதித்தேன். நண்பர்கள் குழுவில் வரிசையாகச் செய்தி போட்டுத் தள்ளினேன். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்: உறை மாறிவிட்டது, உண்மையில் ஜெயித்தது மூன்லைட் என்ற படம் என்று இரண்டே நிமிடத்தில் திருத்திச் சொன்னார்கள். ஒருவன் என் கடைசிச் செய்திக்குக் கீழே ‘மூன்லைட்’ என்று ஒரே ஒரு வார்த்தை போட்டான்.

அன்றிலிருந்து அந்தப் படத்தின் மேல் ஒரு கடுப்பு. “அரசியலுக்காகக் கொடுத்த விருது” என்று பல பேரிடம் வாதாடியிருக்கிறேன். உண்மையில் நான் படத்தைப் பார்க்கவே இல்லை. போன வாரம்தான் பார்த்தேன். முடிந்த பிறகும் ரொம்ப நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

இப்போது என் சந்தேகம்: 14 பரிந்துரைகள், சிறந்த இயக்குநர் உட்பட 6 விருதுகள் வாங்கிய படம் கடைசி விருதை மட்டும் எப்படி விட்டது? யாரோ எடுத்த படம் தோற்றால் நமக்கு ஏன் இப்படி வலிக்கிறது? அன்று உங்களிடம் ஓட்டு இருந்திருந்தால் எதற்குப் போட்டிருப்பீர்கள்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

பார்க்காத படத்தைத் திட்டியதற்காக ரொம்ப வெட்கப்பட வேண்டாம். ஒரு பிரிவில் போட்டியிடும் எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஓட்டுப் போடலாம் என்ற விதியை ஆஸ்கர் அகாடமியே 2025இல்தான் கொண்டுவந்தது. முதல் விழா நடந்தது 1929இல். நடுவில் இத்தனை வருடங்கள் உறுப்பினர்களின் நேர்மையை நம்பியே வண்டி ஓடியிருக்கிறது. நீங்கள் நண்பர்களிடம்தானே திட்டினீர்கள்.

அந்த இரண்டு நிமிடத்தை நானும் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். விருது உறைகள் இரண்டு செட் இருக்கும், மேடையின் இரு பக்கமும் ஒவ்வொன்று. சிறந்த நடிகை விருதுக்கு லா லா லேண்ட் நாயகி எம்மா ஸ்டோன் பெயரை ஒரு பக்கத்து உறையைப் பிரித்து அறிவித்துவிட்டார்கள். மறுபக்கத்தில் அதே விருதுக்கான உறை பிரிக்காமல் இருந்தது. அதுதான் சிறந்த படத்தை அறிவிக்க வந்த நடிகர் வாரன் பீட்டியின் கைக்குப் போனது. அவர் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அட்டையைப் பார்க்கிறார், உறைக்குள் இன்னொரு அட்டை இருக்கிறதா என்று துழாவுகிறார், அவரோடு சேர்ந்து அறிவிக்க வந்து பக்கத்தில் நிற்கும் நடிகை ஃபே டனவேயைப் பார்க்கிறார். விளையாடுகிறார் என்று அரங்கம் சிரிக்கிறது. அவர் அட்டையை டனவேயிடம் காட்டுகிறார், டனவே கண்ணில் பட்ட படப் பெயரை வாசித்துவிடுகிறார். ‘சிறந்த நடிகை’ என்ற வார்த்தை அட்டையின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. உலகமே பார்க்கிற விழாவில் அச்செழுத்தின் அளவு செய்த வேலை!

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்காக அல்ல, லா லா லேண்ட் தயாரிப்பாளர் ஜோர்டன் ஹொரோவிட்ஸுக்காக. நன்றியுரை சொல்லி முடித்த மனிதர். சிலை கையில் இருக்கிறது. தவறு தெரிந்ததும் மைக்குக்கு வந்து, ஜெயித்தது மூன்லைட், இது விளையாட்டில்லை என்கிறார். பீட்டி விளக்கம் சொல்லத் தொடங்கும்போது சரியான அட்டையை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி கேமராவுக்கு நேராகப் பிடிக்கிறார். உங்களைவிட அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்?

சரி, ஓட்டுக் கணக்குக்கு வருவோம். மற்ற பிரிவுகளில் ஆளுக்கு ஓர் ஓட்டு, அதிகம் வாங்கியவர் வெற்றி. சிறந்த படத்துக்கு அப்படியில்லை. 2010 விழாவிலிருந்து போட்டிப் படங்களை ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தியபோது எண்ணும் முறையையும் மாற்றினார்கள். உறுப்பினர் தன் விருப்பப்படி படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். முதலிட ஓட்டுகளில் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் கடைசியில் இருக்கும் படத்தைக் கழித்துவிட்டு, அந்தச் சீட்டுகளை அவற்றில் அடுத்ததாக எழுதியிருக்கும் படத்துக்குக் கொடுப்பார்கள். ஏதாவது ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும்.

100 பேர், மூன்று படங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்துக்கு 40, இரண்டாவதுக்கு 35, மூன்றாவதுக்கு 25. மூன்றாவது கழிகிறது. அந்த 25 சீட்டில் 18 பேர் அடுத்ததாக இரண்டாவது படத்தையும் 7 பேர் முதல் படத்தையும் எழுதியிருந்தால்? 53க்கு 47. முன்னணியில் இருந்த படம் தோற்றுவிட்டது, எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல்.

2017இல் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அகாடமி ஓட்டு எண்ணிக்கையை வெளியிடுவதே கிடையாது. ஆனால் என் ஊகம் இதுதான். உங்கள் படத்துக்கு வெறியர்களும் அதிகம், “என்னய்யா இது, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்” என்றவர்களும் அதிகம். இந்த முறையில் வெறியர்கள் மட்டும் போதாது. பிடிக்காதவர்கள்கூட ஏழாவது எட்டாவது இடத்துக்குத் தள்ளிவிடாத படமாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அகாடமிக்குப் பழைய கடனை அடைக்கும் பழக்கம் உண்டு. அல் பசினோவுக்கு காட்ஃபாதர் படங்களுக்குக் கொடுக்காமல் 1993இல் சென்ட் ஆஃப் எ வுமனுக்குக் கொடுத்தார்கள். அன்று மால்கம் எக்ஸ் படத்துக்காகப் போட்டியிட்டுத் தோற்றவர் டென்சல் வாஷிங்டன். அவருக்குச் சிறந்த நடிகர் விருது 2002இல், ட்ரெய்னிங் டே படத்துக்கு வந்தது. இப்படிக் கடன் கைமாறிக்கொண்டே போகும். விருதுப் பட்டியலைத் தனித்தனி வருடமாகப் படித்தால் பாதி புரியாது.

வலிக்கு வருகிறேன். உங்களுக்கு வலித்தது அந்தக் குழுச் செய்திகளால்தான் என்று நினைக்கிறேன். ஏழு முறை பார்த்த ரசனைக்கு முத்திரை விழுந்தது என்று ஊருக்கே அறிவித்தீர்கள், இரண்டே நிமிடத்தில் முத்திரையை அழித்துவிட்டார்கள். எனக்கு நடிகர் பீட்டர் ஓ டூல் விஷயத்தில் அப்படி ஆகும். எட்டு முறை பரிந்துரை, ஒரு முறைகூட வெற்றி இல்லை. ஏழு தோல்விக்குப் பிறகு கௌரவ ஆஸ்கர் தருகிறோம் என்றபோது, நான் இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறேன், 80 வயது வரை பொறுங்கள் என்று அகாடமிக்கு எழுதினார் மனிதர். கடைசியில் 2003இல் வந்து வாங்கிக்கொண்டார். நான்கு வருடம் கழித்து மறுபடியும் போட்டியில் நின்றார், மறுபடியும் தோற்றார். அன்று டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அன்று ஜெயித்தது ஃபாரஸ்ட் விட்டேக்கர். அவர் படத்தைப் பார்க்க எனக்கும் சில வருடங்கள் ஆயின. அருமையாக நடித்திருக்கிறார்.

என் ஓட்டைக் கேட்டிருந்தீர்கள். முதலில் மூன்லைட். கடலில் அந்தச் சிறுவனின் தலையைக் கையில் தாங்கி மிதக்கச் சொல்லித் தருகிற ஒரு காட்சிக்கே எழுதியிருப்பேன். அலை கேமராவின் மேலேயே அடிக்கும், நாமும் தண்ணீரில் கிடப்போம். இரண்டாவது அரைவல், மூன்றாவது மான்செஸ்டர் பை தி சீ. உங்கள் படத்துக்கு நான்காவது இடம், அதுவும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்காக.

கோபம் வந்தால் எழுதுங்கள்.